ஆகாயத்தில் போனவனுக்கு எத்தனை ரக்அத்து?

1

ஊரிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் யாரும் இப்போதெல்லாம் என்னிடம் சுகம் விசாரிப்பதில்லை. கடைப்படியில் காலை வைக்கும்போதே, "ஆகாயக் கப்பலில் போனது நீங்கதானாமே! கொழும்புக்கும் திருச்சிக்கும் எத்தனை மைல்? எத்தனை மணி நேரம்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டவரும் உண்டு. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கீழக்கரையிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற எல்லாரும் ஒரே தடவையில் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இனிமேல் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மைல் கணக்கு எனக்குத் தெரியாது. அது என் மகன் ஹனிபாவுக்குத் தெரியும், அவன் பத்திரிகையில் வந்த விளம்பரத்தை வெட்டியே வைத்திருந்தான். நேரம் எனக்குத் தெரியும். இரத்மலானை விமானத் திடலில் காலை வெயில் உறைக்கத் தொடங்கியபோது ஏறினோம். திருச்சியில் இறங்கியபோது நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் திருச்சி ஸ்டேஷனில் ராமநாதபுரம் போகிற ரயிலுக்காகக் காத்துக் கிடந்தோம். பறந்த நேரத்தைவிட அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அதை மட்டும் யாரும் என்னிடம் கேட்பதில்லை.

கண்டிக்கும் கீழக்கரைக்கும் உள்ள தூரம் எனக்கு விளங்கியது ஆகாயத்திலும் இல்லை, ரயிலிலும் இல்லை. அது வேறு இடம். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

2

நான் கண்டிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. பஜாரில் பீங்கான் கடை. தட்டு, கோப்பை, கூஜா, துரைமார் வீட்டு மேசைக்கு வேண்டிய பூப்போட்ட சாமான்கள். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து ஆர்டர் வரும். வைக்கோல் வைத்து மரப்பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். மலைப்பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பாதி உடைந்துவிட்டது என்று திரும்பவும் ஆள் வரும். இதுதான் என் நித்திய வாழ்க்கை. காலையில் மழை, மத்தியானத்தில் மழை, நடுவில் உடைந்த கோப்பை.

வீடு மடவளையில். என் மனைவி சுபைதாவின் ஊர் அது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறேன், இருபத்தைந்து வருஷமாக. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி பஸ்ஸில் போய் இறங்கினால், "வந்திட்டீங்களா?" என்பாள். எங்கே போய்விடப் போகிறேன் என்று எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அது சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். "அடுத்த வருஷம் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும்" என்று நான் சொல்லாத வருஷம் கிடையாது. நான் சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வோட்டுப் போடுகிற இடாப்பில் பெயர் எழுதுகிறார்கள் என்று ஒரு தடவை நானும் போய் வரிசையில் நின்றேன். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அங்கே தனிக் கேள்வி. மேசைக்குப் பின்னால் இருந்த கிளாக்கர், "இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கிற எண்ணமா, திரும்பிப் போகிற எண்ணமா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் "இன்ஷா அல்லாஹ்" என்றேன். நாளைக்குச் செய்கிற காரியத்துக்கு நம் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? அவர் பேனையைத் தூக்கிக்கொண்டு, "போகிறதுக்கு இன்ஷா அல்லாஹ்வா, இருக்கிறதுக்கு இன்ஷா அல்லாஹ்வா?" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். கிளாக்கர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்ன எழுதினார் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு வோட்டு இல்லை.

அது போகட்டும். ஹனிபாவுக்கு இருபத்திரண்டு வயது. இங்கேயே பிறந்தவன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சிங்களம் பேசினால் கம்பளைச் சிங்களவர்களே அவனைச் சிங்களப் பையன் என்று நினைப்பார்கள். போகம்பரை மைதானத்தில் பந்து விளையாடிவிட்டு முழங்காலெல்லாம் சேறாக வருவான். கீழக்கரை என்றால் அவனுக்கு வாப்பா பேசுகிற ஒரு கதை, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு ஆபீசில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். கூப்பிட்டு, தகப்பன் பிறந்த இடம் எது என்று கேட்டார்களாம். சொன்னான். அதற்கப்புறம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லையாம். வீட்டுக்கு வந்தவன் என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் உம்மாதான் பிறகு சொன்னாள்.

கீழக்கரையில் இருக்கிற என் அக்கா, ராத்தாவின் மூத்த மகளை அவனுக்கு முடிக்க வேண்டும் என்பது அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து பேச்சு. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ராத்தாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. மச்சானின் சங்கு வியாபாரத்தைப் பார்க்கவும் ஆள் வேண்டும். ஹனிபா அங்கே போய் இருந்தால், அந்தச் சாக்கில் நானும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் அவனிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே, "பாப்போம் வாப்பா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ராத்தாவிடமிருந்து தந்தி வந்தது. பினாங்கில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் பெண்ணைக் கேட்கிறது, வெள்ளிக்கிழமை வார்த்தை கொடுக்க வேண்டும், பையனோடு உடனே வா என்று. பெருநாள் வியாபாரம் தொடங்குகிற நேரம். கடையை ஒரு வாரத்துக்குமேல் விட முடியாது. வழக்கம்போலத் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கிப் போனால் ராத்தா முகத்தைப் பார்த்ததும் திரும்ப வேண்டியதுதான். ஹனிபாதான் அந்த விளம்பரத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "ஆகாயத்தில போவோம் வாப்பா" என்றான். கல்யாணத்துக்காகச் சொல்லவில்லை, பறக்க ஆசைப்பட்டுச் சொன்னான். எனக்கு அது தெரியும். இருந்தாலும் சரி என்றேன்.

3

செய்தி பஜார் முழுவதும் பரவிவிட்டது. எங்கள் கடைப் பெட்டிகளைக் கைவண்டியில் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகிறவன் மஹய்யாவைப் பக்கத்து முனியாண்டி. அவன் அன்று காலை வேலையை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"ஏன் மொதலாளி, மானத்துல போறீங்களாமே. அங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெண்டி வாங்க வந்திருந்த எங்கள் மடவளைப் பள்ளிவாசல் ஆலிம்சாவும் சிரித்தார். அடுத்த கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். பிரயாணத்தில் இருக்கிறவன் நாலு ரக்அத்துத் தொழுகையை, அதாவது நாலு தடவை நின்று குனிந்து தொழுவதை, இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது மார்க்கத்தில் கொடுத்த சலுகை. வழியில் படுகிற சிரமத்துக்காக என்பார்கள். ஆகாயத்தில் மெத்தையில் சாய்ந்து, ஒரு தூக்கம் போடுவதற்குள் போய் இறங்குகிறவனுக்கு என்ன சிரமம், அவனுக்கு ஏன் சலுகை என்று அவர் பிடித்துக்கொண்டார்.

ஆலிம்சா கெண்டியின் மூக்கை ஊதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேரத்துக்குக் கணக்கு இல்ல, தூரத்துக்குத்தான் கணக்கு. ஒட்டகம் ரெண்டு நாள் நடக்கிற தூரம் எண்டு கிதாபுல ஈக்கி. அந்தத் தூரத்த நீங்க நடந்து போனாலும் ஒண்டுதான், ஒரு மூச்சில பறந்து போனாலும் ஒண்டுதான். போற வழிக்கு ரெண்டு."

"ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நாலு" என்றேன் நான்.

"அங்க எத்தன நாள் தங்கிற?"

"மூன்று நாள்."

"அப்ப அங்கயும் ரெண்டுதான். நாலு நாள் முழுசாத் தங்கினாத்தான் பிரயாணம் முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. "அது என் ஊர் ஆலிம்சா! நான் பிறந்த ஊர். அங்கே நான் முசாபிரா, வழிப்போக்கனா?"

"கோவப்படாதீங்க. ஒங்கட ஊரெண்டா ஒரு நேரம் தங்கினாலும் நாலுதான். ஒங்கட ஊர் எது எண்டு நீங்கதான் சொல்லணும்."

இது எனக்கு இதுவரை வராத கேள்வி. இத்தனை வருஷத்தில் ஊருக்குப் போன தடவைகளிலெல்லாம், அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தோமே என்று இரண்டு மாதம், மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். அவ்வளவு நாள் தங்கினால் எந்த ஊரானாலும் நாலுதான். யாரும் கேட்கவும் இல்லை, நான் யோசிக்கவும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன ஆகாயக் கப்பல்தான் மூன்று நாளில் போய்வரலாம் என்று ஆசை காட்டி, என் ஊரில் நான் யார் என்கிற கேள்வியைக் கிளப்பிவிட்டது.

"பிழைக்கத்தானே இங்கே வந்தேன்? திரும்பிப் போகிற எண்ணம், நிய்யத்து எனக்கு இருக்கிறது. அடுத்த வருஷம்…"

"ஐயோ மொதலாளி" என்றான் முனியாண்டி. "இந்த அடுத்த வருசத்த எனக்கு மீச மொளைக்காத காலத்துல இருந்து கேக்குறேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆலிம்சா மட்டும் சிரிக்கவில்லை. "அது ஒங்கட கல்புக்குத்தான் தெரியும் முதலாளி. அதுல நான் பத்வா தர ஏலாது" என்று கெண்டியைக் கட்டித் தரச் சொன்னார். கோபத்தில் வைக்கோலை இறுக்கி இறுக்கிச் சுற்றினேன். நாலுதான் தொழுவேன், போய்வந்து இந்த மனுஷனிடம் சொல்லுவேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

புறப்படுகிற அன்று மடவளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுபைதா ஹனிபாவை வேலிப்பக்கம் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"மகன், வாப்பாட பக்கத்தில இருந்து அசையாத. அவங்கட ராத்தா நாலு வார்த்த பேசினா அவங்கட மனசு எளகிப் போயிடும். அங்கயே இருந்திடுவாங்க. எப்படியாலும் வாப்பாவக் கூட்டிக்கொண்டு வந்திடு."

"சரி உம்மா" என்றான் அவன்.

4

இரத்மலானையில் முதலில் பெட்டியை நிறுத்தார்கள், பிறகு எங்களையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பீங்கான் விற்கிற நான் வெங்காய மூட்டைபோல நின்றேன். ஒரு உத்தியோகத்தர் அம்மைப்பால் குத்திய சீட்டைப் பார்த்தார். பிறகு, "நிரந்தர விலாசம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹனிபா, "கண்டி" என்றான். "இருவருக்குமா?" "ஓம், இருவருக்கும்." இவனை எங்கே ராத்தா வீட்டில் கட்டிப்போடப் போகிறேன் என்று அப்போதே நம்பிக்கை பாதி போய்விட்டது.

காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். வைத்தும் பிரயோஜனமில்லை, அப்படி ஒரு இரைச்சல். நான் கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தேன். ஹனிபா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். கடல் வந்தது என்றான். தீவு தீவாக மணல் தெரிகிறது என்றான். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாப்பா, மண்டபம்! இடது பக்கம் போற கரை ஒங்கட ஊருக்குத்தானே போகுது?" என்று காதில் கத்தினான்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மண்டபத்து முகாம் கையகலத்துக்குக் கீழே கிடந்தது. முதன்முதலாகக் கண்டிக்குப் புறப்பட்டபோது, கொள்ளைநோய்க்குப் பயந்து என்னை அந்த முகாமில்தான் அடைத்து வைத்தார்கள். உடுப்பை ஆவியில் அவித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், வரிசையில் நிற்கவைத்துத் தலையை எண்ணினார்கள். அங்கே கிடந்த ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று அழுதேன். இப்போது இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவதற்குள் அது பின்னால் போய்விட்டது. அதைவிட வேடிக்கை, ஊர் பக்கத்தில் தெரிகிறது, இறங்க முடியாது. ஊரைத் தாண்டித் திருச்சிக்குப் போய் இறங்கி, வந்த வழியே ரயிலில் திரும்பி ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புழுதி குடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். வழி முழுவதும் இரண்டு இரண்டாகச் சுருக்கித்தான் தொழுதோம். திருச்சி ஸ்டேஷனில் துண்டை விரித்து, ராமநாதபுரத்தில் ஒரு கடைவாசலில்.

5

ராத்தா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஹனிபாவை ஏற இறங்கப் பார்த்து, "மலையில வளர்ந்த புள்ள, கன்னத்தப் பாரு" என்றாள். பிறகு, "எத்தனை நாளைக்குத் தம்பி வந்திருக்கே?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போகணும் ராத்தா."

"என்னது? வந்த கால் வேர்வை காயலையே! விருந்தாளிகூட அதைவிட அதிகமா இருப்பானே." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சாதாரணமாக விழவில்லை.

மூட்டு வலியோடு தரையில் உட்கார முடியாமல், கூடத்தில் நின்ற ராத்தாவின் சின்ன மகளிடம், "ஒரு கதிரை கொண்டு வாம்மா" என்றேன். அது விழித்தது. "காதரையா மாமா? அவர் கடைக்குப் போயிருக்காரே" என்றது. வீடே சிரித்தது. காதர் என்பது அவர்கள் வேலைக்காரர் பேராம். நாற்காலியை இலங்கையில் எல்லாரும் கதிரை என்றுதான் சொல்வோம், அது எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்றே தெரியவில்லை. தேத்தண்ணி என்றேன், அதற்கும் சிரித்தார்கள். சீக்கிரம் என்பதற்குக் கெதியா வாங்க என்றேன், அதற்கும். கடைசியில் பேசாமல் கையைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தேன்.

ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. உப்புக்காற்று உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. கண்டியில் இந்நேரம் போர்வையை இழுத்து மூடியிருப்பேன். பெருநாளைக்கு வந்திறங்க வேண்டிய பெட்டிகளை யார் எண்ணி இறக்குவார்கள், மேலே நிற்க வேண்டிய பெட்டியைக் கீழே வைத்துவிடுவார்களோ என்று அதே யோசனை. ஊருக்கு வந்து இப்படிக் கிடக்கிறோமே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

ஹனிபாவோ வந்த மறுநாளே வீட்டில் இல்லை. மச்சானின் அண்ணன் மக்களோடு விடியுமுன் கடலுக்குப் போனான், சங்குக் கிட்டங்கிக்குப் போனான். திரும்பி வந்து, "மாமி, இந்த நாற்காலிய அங்கிட்டுப் போடவா?" என்றான். அங்கிட்டு! ஒரே நாளில்! என் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணப் பேச்சை ராத்தா அவனிடமே நேராகக் கேட்டாள். "வியாழக்கிழமை லுஹர் தொழுதிட்டுச் சொல்லுறேன் மாமி" என்றான். பார்ப்போம் வாப்பா என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். பினாங்குக்காரர்கள் வீட்டிலிருந்து அதற்குள் இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. ராத்தாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. பையன் வேண்டாம் என்று சொன்னால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

தொழுகை விஷயம் கேட்பீர்கள். அந்த இரண்டு நாளும் பள்ளியில் எல்லாரோடும் சேர்ந்து ஜமாஅத்தோடுதான் தொழுதோம். உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் பிரயாணியும் நாலு தொழுதுதான் ஆக வேண்டும். அதனால் ஆலிம்சாவின் கேள்வி எழவில்லை. எழவில்லையே என்று எனக்குள் ஒரு நிம்மதி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

6

வியாழக்கிழமை லுஹர் பாங்கு சொல்லி, பள்ளியில் ஜமாஅத்தும் முடிந்துவிட்டது. கடலுக்குப் போன ஹனிபாவைக் காணவில்லை. அவனை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. பதிலைச் சொல்லாமல் ஓடிவிட்டானோ என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ராத்தா பின்கட்டில் தேங்காய்ப்பால் ஊற்றித் தொதல் கிண்டிக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியானால் மாப்பிள்ளைக்கு, இல்லாவிட்டால் தம்பி கொண்டுபோக என்று அவளே சொன்னாள். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும் என்று அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

தலை ஈரத்தோடு, உப்புப் பூத்த கையோடு ஹனிபா வந்தான்.

"எங்கேடா போனாய்? நேரம் என்ன தெரியுமா?"

"பிந்திட்டு வாப்பா. வாங்க, நாம ரெண்டு பேரும் தொழுவோம்."

முகம் கைகால் கழுவி ஒலு எடுத்துக்கொண்டு வந்தான். ராத்தாவின் சின்ன மகள் கூடத்தில் இரண்டு பாயை விரித்தாள். நான் முன்னால் நின்றேன், அவன் எனக்குப் பின்னால் வலப்பக்கம் நின்றான். மனம் முழுவதும் அவன் சொல்லப்போகிற பதிலில் கிடந்தது. நாலு தொழுவேன் என்று கண்டியில் கறுவியது அந்த நேரம் நினைவிலேயே இல்லை. கையை உயர்த்தினேன். நிய்யத்தை வாயால் சொல்வது எங்கள் பழக்கம். லுஹருடைய பர்ளு இரண்டு ரக்அத்து, சுருக்கித் தொழுகிறேன் என்று நாக்கு சொல்லிவிட்டது. தக்பீர் சொல்லிக் கையைக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

வழியெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கமோ என்று முதலில் நினைத்தேன். தவறிச் சொன்னதென்றால் மனம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மனம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பிறந்த வீடு நாலு வாசல் தள்ளி இருக்கிறது, வாப்பாவும் உம்மாவும் அடங்கிய இடம் அதற்கும் அப்பால், நான் அங்கே நின்றுகொண்டு நாளைக்குக் கண்டிக்குப் புறப்பட்டுவிடுவோம் என்கிற நினைப்பில் ஓதிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு ஆறுதலும் இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்வது? குனிந்தேன், நிமிர்ந்தேன், ஸுஜூது செய்தேன். இரண்டாவது ரக்அத்து முடிந்து அத்தஹிய்யாத்தில் உட்கார்ந்தேன். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன். முப்பது வருஷம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

எனக்குப் பின்னால் ஹனிபாவும் ஸலாம் கொடுப்பான் என்று நினைத்தேன். கண்டிதானே அவனுக்கு நிரந்தர விலாசம்.

பின்னால் துணி சரசரத்தது. "அல்லாஹு அக்பர்" என்று மெல்லிய குரல். அவன் எழுந்து நின்றுவிட்டான். மூன்றாவது ரக்அத்துக்கு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் நிதானமாக மூன்றும் முடித்து நாலும் முடித்தான். கதவுத் திரைக்கு அந்தப்பக்கம் தொதல் கிண்டுகிற துடுப்பின் சத்தம் நின்றுபோனது. ராத்தா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"என்ன தம்பி, நீ ரெண்டுலயே முடிச்சிட்டே? புள்ள நாலு தொழுதான்?"

ஹனிபாதான் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"வாப்பா முசாபிர், மாமி. நான் இங்க இருக்கப் போறேன்."

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்ட மாப்பிள்ளை கிடைத்துவிட்டான், சிரிக்க வேண்டியவள்தான். ஆனால் அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தொதல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

7

வெள்ளிக்கிழமை பஸ் ஏற்ற ஹனிபா வந்தான். ஏன்டா இப்படி முடிவு செய்தாய், பெண்ணைக்கூட நீ பார்க்கவில்லையே என்று கேட்டேன்.

"அங்க வாப்பாட ஊரச் சொன்னா எழும்பிப் போகச் சொல்லுறாங்க" என்றான். "இங்க வாப்பாட பேரச் சொன்னா உக்காரச் சொல்லுறாங்க. வேறொண்டும் இல்ல."

ஆசைப்பட்டதுதானே நடந்தது என்று கேட்பீர்கள். ஆமாம். அதே பஸ்ஸில் ஒரு மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து வந்தேன். திரும்பும்போது ஆகாயத்தில் வரவில்லை. கடையும் பெருநாளும் எப்படியோ போகட்டும் என்று, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, அலுத்துச் சலித்து வந்தேன். அவ்வளவு சீக்கிரம் வந்து சுபைதாவின் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மடவளையில் பஸ் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்திட்டீங்களா! அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அப்புறம்தான் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"மகன் எங்க?"

உள்ளே கூட்டிப் போய் எல்லாம் சொன்னேன். ராத்தா வீட்டுக் கூடம், இரண்டு பாய், அவன் எழுந்து நின்றது. கடைசியில், "நீங்க எத்தன தொழுதீங்க?" என்றாள்.

"இரண்டு."

அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"இந்த இருபத்தஞ்சு வருஷமும் நீங்க போயிடுவீங்க எண்டு ஒங்களத்தானே பாத்துக்கொண்டு இருந்த" என்றாள். "அவனப் பாக்கவே இல்லையே."